வாயு என்று நினைத்தோம்!

எங்கள் வீட்டில் ‘வாயு’ என்ற வார்த்தைக்கு இருக்கிற மரியாதை வேறு எந்த வார்த்தைக்கும் கிடையாது. முதுகு பிடித்துக்கொண்டால் வாயு. ஏப்பம் வந்தால் வாயு, வராவிட்டாலும் வாயு. மாடிப்படி ஏறி யாருக்காவது மூச்சு வாங்கினால், “நேத்து ராத்திரி உருளைக்கிழங்கை ஒரு பிடி பிடிச்சியே, அந்த வாயுதான்” என்று என் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மருந்தும் கைவசம் தயார். ஓமத் தண்ணீர் ஒரு பாட்டில், சுக்குப் பொடி ஒரு டப்பா, கட்டிப் பெருங்காயம் கொஞ்சம். சமையலறை அலமாரியின் இரண்டாவது தட்டுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

நான் கேலி செய்வதாக நினைக்காதீர்கள், சகோதரிகளே. கல்யாணமாகி உறையூருக்கு வந்த நாளிலிருந்து அந்த ஓமத் தண்ணீரைக் குடித்துத்தான் நானும் என் இரண்டு பிள்ளைகளும் எத்தனையோ அஜீரணத்தைக் கடந்து வந்திருக்கிறோம். ஆனால் அதே ஓமத் தண்ணீரை, 2018ஆம் வருஷம் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், என் கையால் அத்தைக்குக் கொடுத்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று காலையிலிருந்தே முறுக்கு வேலை. அத்தை பலகையில் உட்கார்ந்து பிழிந்து கொடுக்க, நான் எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அப்போது அறுபத்தேழு வயது. சர்க்கரை வியாதி வந்து பதினாறு வருஷம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேளாவேளைக்கு என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் வந்த வேளைக்கு. நாலாவது ஈடு எடுக்கும்போது முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டார்.

“அம்மாடி, என்னமோ ஒரு மாதிரி இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“நெஞ்சு வலிக்குதா அத்தை?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. குமட்டிக்கிட்டு வருது. மூச்சுதான் கொஞ்சம் முட்டுது. எண்ணெய்ப் புகை ஒத்துக்கலை. வாயுதான்.”

சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று பயந்து, வீட்டில் இருந்த மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன். குறையவில்லை. வழக்கத்தைவிட ஏறித்தான் இருந்தது. குறைந்தால்தானே ஆபத்து, ஏறினால் என்ன என்று ஒரு நிம்மதி எனக்கு! ஓமத் தண்ணீரைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். ஒருதரம் வாந்தி எடுத்தார். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, “மாவு வீணாயிடுமே” என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அசதியாக இருந்தார். தீபாவளி வேலைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். நெஞ்சு வலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவர் ஆட்டோவைத் தேடி ஓடியிருப்பார். சொல்லவில்லை. ஏனென்றால் வலிக்கவே இல்லை.

“எப்போ வந்தது?”

மூன்று மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், அத்தைக்கு வலது கண்ணில் புரை முற்றி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இ.சி.ஜி. எடுத்து, பொது மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். வெறும் சம்பிரதாயம் என்றுதான் போனோம்.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை இரண்டு தரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

“இவங்களுக்கு எப்போ ஹார்ட் அட்டாக் வந்தது?”

நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “இவங்களுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் வரலை டாக்டர். வேற யாரோட சீட்டாவது மாறி வந்துடுச்சா?” என்று கேட்டார் இவர். டாக்டரம்மா பேசாமல் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார். அத்தையின் பெயர்தான் இருந்தது.

எக்கோ எடுத்தபோது இதயச் சுவரில் ஒரு பகுதி சரியாகச் சுருங்கி விரியவில்லை என்று தெரிந்தது. இதய நிபுணர் ஆஞ்சியோவும் செய்து பார்த்தார். ஒரு குழாய் முழுக்க மூடிப் பழசாகிப் போயிருந்தது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை செத்துவிட்டது. இனி திறந்தாலும் பிரயோசனமில்லை. மற்ற குழாய்களில் லேசான அடைப்புத்தான், மருந்தால் காப்பாற்றலாம் என்றார். நல்லவேளை என்று நினைப்பதா, அழுவதா என்று தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். முறுக்கு அச்சு கீழே விழுந்த அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மணி அடிக்காத வீடு

“அது எப்படி டாக்டர், மாரடைப்பு வந்து வலிக்காம இருக்கும்?” என்று கேட்டேன்.

“உங்க வீட்டு வாசல்ல காலிங் பெல் இருக்குல்ல? அந்த ஒயரை எலி கடிச்சு வச்சிருந்தா, ஆள் வந்து எத்தனை தரம் அமுக்கினாலும் உள்ளே சத்தம் கேக்குமா? சர்க்கரைக்காரங்க கால்ல முள்ளு ஏறினதுகூடத் தெரியாம நடக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பல வருஷம் சர்க்கரை ஏறியே இருந்தா, கால் நரம்பு மரத்துப்போற மாதிரி, இதயத்துலேர்ந்து வலியைச் சொல்ற நரம்பும் கெட்டுப்போகலாம். அப்போ வலி வராது. வேர்வை வரும், மூச்சு முட்டும், குமட்டும், காரணமில்லாம ஓய்ஞ்சு போவாங்க. சில பேருக்கு அதுவும் இருக்காது.”

எல்லா நீரிழிவுக்காரர்களுக்கும் இப்படி ஆவதில்லை. நிறையப் பேருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனால் ‘வலிக்கவில்லை, அதனால் இதயமில்லை’ என்று தைரியமாக இருக்க முடியாது என்பதுதான் விஷயம். அத்தைக்குச் சர்க்கரை ஏறியிருந்ததும் நல்ல அறிகுறியல்லவாம். மாரடைப்பு நேரத்தில் உடம்பு படுகிற அதிர்ச்சியில் சர்க்கரை ஏறுவது உண்டு என்றார். நான் நிம்மதிப்பட்ட இடத்தில்தான் பயப்பட்டிருக்க வேண்டும்.

இது எங்கள் வீட்டு அதிசயம் மட்டுமல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்காம் என்று ஓர் ஊர். அந்த ஊர் மக்களின் இதயத்தை 1948லிருந்து தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் உண்டு. 1984இல் அங்கிருந்து வந்த கணக்குப்படி, ஏற்பட்ட மாரடைப்புகளில் ஆண்களிடம் 28 சதவீதமும் பெண்களிடம் 35 சதவீதமும் அந்தச் சமயத்தில் யாருக்குமே தெரியவில்லை; பிறகு எடுத்த இ.சி.ஜி.யில்தான் தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. மற்றப் பாதிப் பேருக்கு ஏதோ தொந்தரவு இருந்தது. ஆனால் அது இதயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டாவது பாதியில் சேர வேண்டியவர் எங்கள் அத்தை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னையில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் குடியிருப்பவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. சர்க்கரை சரியாக இருந்தவர்களில் 100க்கு 9 பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. நீரிழிவுக்காரர்களில் 100க்கு 21 பேருக்கு. இரண்டு மடங்குக்கும் மேல்!

என் சீட்டுப் பணம்

இவ்வளவையும் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம், அத்தை மட்டுமல்ல. இவருக்கும் சர்க்கரை. அப்போது இவருக்கு நாற்பத்தொன்பது வயது. நோய் தெரிந்து ஆறு வருஷம். அம்மாவுக்கு வந்தது பிள்ளைக்கு வராதா? இவர் உள்ளேயும் மணி அடிக்காமல் ஏதாவது நடந்துகொண்டிருந்தால்?

அந்தச் சமயம் பார்த்து வீட்டு வாசலில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. ‘நீரிழிவு நோயாளிகளுக்கு முழு இதயப் பரிசோதனை, சலுகைக் கட்டணம்’ என்று. டிரெட்மில், எக்கோ, சி.டி. ஸ்கேன் என்று ஒரு பட்டியல். எனக்கு அந்த மாதம் சீட்டு விழுந்திருந்தது. பணத்தையும் நோட்டீசையும் எடுத்துக்கொண்டு, இவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

“எல்லா டெஸ்ட்டும் எடுத்துடலாம் டாக்டர். காசைப் பத்திக் கவலையில்லை.”

அவர் நோட்டீசைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். “இப்போ இது வேண்டாம்மா.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. வலியில்லாமல் வரும் என்று சொன்னவரும் இவரே, பார்க்க வேண்டாம் என்கிறவரும் இவரே! “அப்போ எங்க அத்தை மாதிரி ஆன பிறகு தெரிஞ்சுக்கணுமா?” என்று கேட்டேவிட்டேன். டாக்டரம்மா கோபிக்கவில்லை. “உக்காருங்க, ஒரு கதை சொல்றேன்” என்றார்.

1,123 பேர் சொன்ன பாடம்

என்னைப் போலத்தான் உலகத்து டாக்டர்களும் யோசித்திருக்கிறார்கள். நீரிழிவு உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே இதய ஸ்கேன் எடுத்துவிட்டால் ஆபத்தைத் தடுக்கலாமே என்று. அதைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 14 மையங்களில் 1,123 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் 50லிருந்து 75 வயதுக்குள் இருந்த நீரிழிவுக்காரர்கள். இதயத் தொந்தரவு என்று எதுவும் சொல்லாதவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் இதயத்துக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று காட்டும் ஸ்கேன் எடுத்தார்கள். மீதிப் பேருக்கு எடுக்கவில்லை. ஏறக்குறைய ஐந்து வருஷம் இரண்டு கூட்டத்தையும் கவனித்தார்கள்.

முடிவு 2009இல் வெளிவந்தது. ஸ்கேன் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு குறை தெரிந்தது உண்மைதான். ஆனால் மாரடைப்போ இதயத்தால் மரணமோ நேர்ந்தது எத்தனை பேருக்குத் தெரியுமா? ஸ்கேன் எடுத்த கூட்டத்தில் 15 பேர். எடுக்காத கூட்டத்தில் 17 பேர். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. 2014இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 900 நீரிழிவுக்காரர்களை வைத்து, சி.டி. ஸ்கேன் மூலம் இதேபோலப் பார்த்தார்கள். அதிலும் ஸ்கேன் எடுத்ததால் பெரிய லாபம் எதுவும் நிரூபணமாகவில்லை.

“ஏன் அப்படி?” என்றேன்.

“ரெண்டு கூட்டத்துலயும் மருந்து ஒழுங்காப் போச்சு. பிரஷருக்கு, கொலஸ்ட்ராலுக்கு எல்லாம் வைத்தியம் நடந்துது. ரெண்டு பக்கமும் ஆபத்து ரொம்பக் குறைஞ்சுபோச்சு. காப்பாத்தினது ஸ்கேன் இல்லைம்மா, வைத்தியம்.”

அதோடு, அறிகுறி இல்லாதவருக்குத் தேவையில்லாமல் சோதனை செய்தால் இல்லாத நோய் இருப்பது போலக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டாம். டிரெட்மில் சோதனை பெண்களிடம் இப்படி ஏமாற்றுவது அதிகம். அதை நம்பி ஆஞ்சியோ வரை போய், அதில் செலுத்துகிற மருந்தால் ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் சிரமப்படவும் கூடும். 2009இல் வந்த இன்னோர் ஆய்வில், இதயக் குழாய் நோயும் நீரிழிவும் உள்ள, ஆனால் நிலைமை சீராக இருந்த 2,368 பேரைப் பார்த்தார்கள். உடனே ஸ்டென்ட்டோ பைபாசோ செய்துகொண்டவர்களும், நல்ல மருந்தோடு இருந்தவர்களும் ஐந்து வருஷ முடிவில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள்: 100க்கு 88 பேர்.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரடைப்பு வந்துகொண்டிருக்கிறவருக்கோ, மூச்சுத் திணறுகிறவருக்கோ சொன்னதல்ல இது. அவர்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் உடனே வேண்டும். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குச் சொன்னது.

டிராயரில் கிடந்த மாத்திரை

“சரி, டெஸ்ட் பார்க்கணும்னுதானே வந்தீங்க? நான் பார்க்கிறேன்” என்று சொல்லி டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். பிரஷர் பார்த்தார். 152க்கு 94. இன்னொரு தரம், ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்த்தார். பெரிதாகக் குறையவில்லை.

“சிகரெட்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். “சாயங்காலம் ஆபீஸ் விட்டா ஒண்ணு… ரெண்டு…” என்றார். விட்டுவிட்டார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

“ராத்திரிக்கு ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதியிருந்தாங்களே, சாப்பிடறீங்களா?”

பதில் இல்லை. நான் முந்திக்கொண்டு, “சாப்பிடறார் டாக்டர், நான்தான் மாசாமாசம் வாங்கி வைக்கிறேன்” என்றேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இல்லை… போன வருஷம் ரிப்போர்ட்டுல கொலஸ்ட்ரால் நார்மல்னு வந்துது. அதான் நிறுத்திட்டேன்.”

வீட்டுக்கு வந்து இவர் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன். எட்டு மாதத்து மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக அடுக்கியிருந்தன! லட்சக்கணக்கான ரூபாய் மெஷினில் இவர் இதயத்தைப் பார்க்கக் கிளம்பினேனே, பக்கத்து டிராயரை ஒருநாளாவது திறந்து பார்த்தேனா?

டாக்டரம்மா இவருக்குச் சொன்ன பதிலை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். “காவிரிக்குக் கரை கட்டியிருக்கு, ஊருக்குள்ள தண்ணி வரலை. தண்ணிதான் வரலையே, கரை எதுக்குன்னு யாராவது வெட்டி விடுவாங்களா சார்? மாத்திரை போட்டதாலதானே நார்மல்!”

சிறுநீரைச் சோதித்ததில் லேசாகப் புரதம் வெளியேறுவதும் தெரிந்தது. அது சிறுநீரகத்தின் சங்கடம் மட்டுமல்ல, உடம்பிலுள்ள ரத்தக் குழாய்களுக்கெல்லாம் ஆபத்து இருக்கிறது என்பதற்கும் அடையாளமாம். ஆக, பிரஷர், சிகரெட், நிறுத்திய மாத்திரை, சிறுநீரில் புரதம் என்று நாலு திருடர்கள் பிடிபட்டார்கள். சீட்டுப் பணத்தில் கைவைக்கவே இல்லை.

டென்மார்க்கில் இவரைப் போலவே சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்த 160 நீரிழிவுக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். பாதிப் பேருக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், சாப்பாடு, உடற்பயிற்சி, சிகரெட்டை விடுவது என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கண்டிப்பாகக் கவனித்தார்கள். ஏறக்குறைய எட்டு வருஷம். 2003இல் வெளியான முடிவில், கண்டிப்பாகக் கவனிக்கப்பட்டவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் ஆபத்து பாதியாகக் குறைந்திருந்தது. 2016இல் திரும்பக் கணக்குப் பார்த்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எட்டு வருஷம் என்றால் சும்மாவா? ஒரு பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலமல்லவா?

அப்படியானால் என்னதான் பார்க்க வேண்டும்?

டாக்டரம்மா சொன்னதை நான் காலண்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ரத்த அழுத்தம்: டாக்டரிடம் போகும்போதெல்லாம். பெரும்பாலோருக்கு 130க்கு 80க்குக் கீழே இருப்பது நல்லது.

2. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை: வருஷத்துக்கு இரண்டு தரமாவது. பலருக்கு 7க்குப் பக்கத்தில் இலக்கு வைப்பார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்லலாம்.

3. கொலஸ்ட்ரால், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின்: வருஷத்துக்கு ஒரு தரம். கண்ணையும் பாதத்தையும் அப்படியே.

4. நாற்பது வயது தாண்டிய நீரிழிவுக்காரர்களில் பெரும்பாலோருக்கு, கொலஸ்ட்ரால் அளவு எப்படி இருந்தாலும், ஸ்டாடின் மாத்திரை சிபாரிசு செய்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறதா, எழுதியதைச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். டிராயரையும் சேர்த்துத்தான்!

5. ஆஸ்பிரின்: மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாக அவசியம். வராதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தாமாகச் சாப்பிடக் கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

6. ஒரு சாதாரண இ.சி.ஜி.: செலவு குறைவு. பழைய பாதிப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கலாம். எங்கள் அத்தையின் ரகசியத்தை அதுதான் சொன்னது. ஆனால் இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எப்போது மேற்கொண்டு டிரெட்மில், எக்கோ, ஸ்கேன் எல்லாம் தேவை? இ.சி.ஜி.யில் மாறுதல் தெரிந்தால். முன்பு சுலபமாக ஏறிய படியில் இப்போது மூச்சு முட்டினால். நடந்தால் தாடை, தோள், முதுகு, மேல்வயிறு இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டால். காலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால். பக்கவாதத்தின் அறிகுறி முன்பு எப்போதாவது வந்து போயிருந்தால். இவர்கள் ‘தொந்தரவு இல்லாதவர்கள்’ என்ற கணக்கில் வர மாட்டார்கள். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

திடீரென்று வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டி, குமட்டினால், வலி இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்க்கலாம். குறையவில்லையென்றால் இதயத்தைச் சந்தேகப்படுங்கள். என்னைப் போல நிம்மதிப்படாதீர்கள்.

இதற்கெல்லாம் வசதி வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். பிரஷரும் சர்க்கரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். எங்கள் தெருமுனைப் பூக்கார அம்மாவுக்கு 2022இல் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சின்னப் பெண்களுக்கு ஒரு வார்த்தை

‘இதெல்லாம் மாமியார், மாமனார் சமாச்சாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என் சின்னவள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். இப்படிக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமான ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒருதரம் பார்த்துவிட்டு, பிறகு வருஷா வருஷம் பார்த்துக்கொள்வது உத்தமம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் தனியாக அலைய வேண்டாம்.

மாதவிடாய் நிற்கிற வரைக்கும் பெண்களுக்கு இதய நோய் ஆண்களைவிடக் குறைவுதான். ஆனால் சர்க்கரை வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. நமக்குத்தான் வியர்த்தால் அடுப்புச் சூடு, மூச்சு வாங்கினால் வேலை அதிகம், ஓய்ந்துபோனால் தூக்கம் போதவில்லை என்று காரணம் சொல்லப் பழக்கமாயிற்றே! எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் பார்த்த பிறகு நமக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரம்மா சொன்ன பிறகுதான் நானும் என் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டேன். எல்லையில் இருந்தது. சாயங்கால நடையில் இப்போது இவருக்குத் துணை நான், எனக்குத் துணை இவர்.

இரண்டாவது தட்டு

அத்தைக்குக் கண் ஆபரேஷன் பிறகு நல்லபடியாக நடந்தது. இதயத்துக்கான மாத்திரைகளை நானே வேளாவேளைக்குக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை எதிரில் நிற்கிறேன். முதலில், “என்னை ஸ்கூல் பிள்ளை மாதிரி நிக்க வைக்கிறா” என்று எல்லோரிடமும் புகார் சொன்னார். இப்போது நான் மறந்தால் அவரே குரல் கொடுக்கிறார். சர்க்கரைக்கும் இதயத்துக்குச் சாதகமான மாத்திரையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, இதய நோய் உள்ள நீரிழிவுக்காரர்களுக்கு இதயத்தால் வரும் மரணத்தைக் குறைக்கிறது என்று 2015இல் தெரியவந்ததாம். பெயரைச் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. ‘எம்பா’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார். இவர் சிகரெட்டை விட்டு விட்டார். டிராயரை மாதம் ஒருதரம் நான் ‘இன்ஸ்பெக்‌ஷன்’ செய்வது தனிக் கதை. சீட்டுப் பணத்தில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினோம். மீதி சின்னவளின் காலேஜ் பீசுக்குப் போயிற்று.

சமையலறை அலமாரியின் இரண்டாவது தட்டில் ஓமத் தண்ணீர் இன்னும் இருக்கிறது. அஜீரணத்துக்கு அது நல்ல மருந்துதான். அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமாவுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சுக்குழி அடைத்து வியர்த்தது. அவருக்கும் சர்க்கரை. அந்த மாமி ஓமத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அத்தை பாட்டிலைத் தொடவே இல்லை. “முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வந்து குடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு, என்னையும் கூடப் போகச் சொன்னார்.

இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்தார்கள், சில மணி நேரம் வைத்திருந்து திரும்பவும் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததும் அந்த மாமி, “வீணா உங்களுக்கெல்லாம் அலைச்சல். கடைசியில வெறும் வாயு” என்று சங்கடப்பட்டார்.

அத்தை சிரித்தார். “வாயுவா இருந்தா நல்லதாப் போச்சு. ஆனா அதை நாம சொல்லக் கூடாது, டாக்டர் சொல்லட்டும்” என்று சொல்லிக்கொண்டே, ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த மாமியின் கையில் கொடுத்தார்.